திருப்பித் தரப்படாத தாள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஆவணக் காப்பு பற்றிப் பேச அழைத்தீர்கள். பரந்த பொருள் அது. நான் ஒரே ஒரு வீட்டைப் பற்றிப் பேசப்போகிறேன். நானூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்துப் பெண்கள் சிலர் தங்கள் நாட்டை விட்டு வெளியே போய் அமைத்த பெனடிக்டைன் துறவு மடம் அது. அதன் காகிதங்கள் எப்படி உண்டாயின, எப்படிப் பறிபோயின, எப்படிப் பிழைத்தன என்று பார்த்தால், இன்று மூடப்படும் நிலையிலுள்ள பல கன்னியர் மடங்களின் காகிதங்களுக்கு என்ன செய்யவேண்டும் என்பதும் துலங்கும் என்று நம்புகிறேன்.

முதலில் ஒழுங்குநூல். நம் கத்தோலிக்க ஊர்களில் ஆசீர்வாதப்பர் என்று சொல்லப்படும் புனித பெனடிக்ட், ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் தம் துறவிகளுக்கு ஓர் ஒழுங்குநூல் எழுதினார். ஆண்களுக்கு எழுதியதுதான், பெண்களும் அதையே தமதாக்கிக்கொண்டார்கள். அதன் 58-ஆம் அதிகாரம் மடத்தில் புதியவரைச் சேர்க்கும் முறையைச் சொல்கிறது. சோதனைக் காலம் முடிந்து வார்த்தைப்பாடு கொடுப்பவர், அதைத் தம் கையாலேயே ஒரு தாளில் எழுதவேண்டும். எழுத்தறியாதவர் இன்னொருவரை எழுதச் சொல்லிவிட்டுத் தம் கையால் ஒரு குறியாவது இடவேண்டும். பிறகு அந்தத் தாளைத் தாமே கொண்டுபோய்ப் பலிபீடத்தின் மேல் வைக்கவேண்டும். அவர் உடுத்தி வந்த உலக உடைகள் மடத்தின் உடையறையில் பத்திரமாக இருக்கும். என்றாவது ஒருநாள் அவர் மடத்தை விட்டுப் போவதானால் அந்த உடையைக் கொடுத்து அனுப்பலாம். தாளை மட்டும் திருப்பித் தரக்கூடாது. அது மடத்திலேயே இருக்கவேண்டும்.

ஆவணக் காப்பகம் என்ற சொல் அந்த நூலில் வரவில்லை. ஆனால் ஒரு மனிதர் போனாலும் அவர் எழுதிய தாள் போகக்கூடாது என்று விதித்த இடத்திலேயே காப்பகம் தொடங்கிவிட்டது. 32-ஆம் அதிகாரம் இன்னும் நேராகவே பேசுகிறது. மடத்துக் கருவிகள், துணிமணிகள் எல்லாவற்றுக்கும் தலைவரிடம் ஒரு பட்டியல் இருக்கவேண்டும்; கொடுத்தது என்ன, திரும்பி வந்தது என்ன என்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். 48-ஆம் அதிகாரம் தவக்காலத் தொடக்கத்தில் ஆளுக்கொரு நூல் கொடுத்து முழுவதும் வாசிக்கச் சொல்கிறது. எழுதிய தாள், பட்டியல், வாசிப்பு. இந்த மூன்றும் சேர்ந்திருந்த மடங்களில்தான் காகிதம் பிழைத்தது.

இனி அந்த வீடு. 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கத்தோலிக்கத் துறவு மடம் வைக்கச் சட்டம் இடம் தரவில்லை. துறவு பூண விரும்பிய பெண்கள் கடல் கடந்து போகவேண்டியிருந்தது. 1623-இல் ஒன்பது இளம்பெண்கள் அப்போது ஸ்பானிய ஆட்சியில் இருந்த காம்ப்ரே நகருக்குப் போனார்கள். அவர்களில் ஹெலன் மோர் என்ற பதினேழு வயதுப் பெண், மன்னனின் ஆணைக்குப் பணியாமல் தலை கொடுத்த தாமஸ் மோரின் எள்ளுப்பேத்தி. மடம் தொடங்கப் பெரும்பொருள் கொடுத்தவர் அவள் தந்தை. 1625-ஆம் ஆண்டின் முதல் நாளில் அவர்கள் வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். ஹெலன் அதன்பின் கெர்ட்ரூட் ஆனாள். பெரியம்மை கண்டு 1633-இல் இறந்தபோது அவளுக்கு வயது 27.

அந்த மடத்துக்கு ஆன்ம வழிகாட்டியாக வந்தவர் அகஸ்டின் பேக்கர் என்ற பெனடிக்டைன் துறவி. மனத்தை அடக்கி உள்ளே திரும்பும் தியானத்தைப் பற்றி அவர்களுக்குப் பழைய ஆங்கில நூல்கள் தேவை என்று அவர் கண்டார். இங்கிலாந்தின் பழைய மடங்கள் எட்டாம் ஹென்றி காலத்தில் கலைக்கப்பட்டு, அவற்றின் சுவடிகள் எங்கெங்கோ சிதறிப் போயிருந்தன. சிதறியவற்றில் பலவற்றைத் தேடிச் சேர்த்தவர் சர் ராபர்ட் காட்டன். 1629-இல் பேக்கர் காட்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார். அடைப்புக்குள் வாழும் இந்தப் பெண்களுக்கு உலக நூல்கள் பயன்படமாட்டா. தியானம் பற்றியும் புனிதர் வரலாறு பற்றியும் உள்ள ஆங்கில நூல்கள், கையெழுத்தானாலும் அச்சானாலும், இருந்தால் தந்துதவுங்கள் என்று கேட்டார். அதே ஆண்டில் காட்டனின் நூலகத்தை மன்னர் பூட்டச் சொல்லிவிட்டார். நூல் கேட்டு எழுதிய அந்தக் கடிதம் மட்டும் இன்று காட்டன் தொகுப்போடு சேர்ந்து பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. கேட்ட கை யாருடையது, எதற்காகக் கேட்டது என்று நாம் அறிவது அதனால்தான்.

நூல்கள் எப்படியோ வந்து சேர்ந்தன. கன்னியர் அவற்றைப் படியெடுத்தார்கள். பார்பரா கான்ஸ்டபிள் என்ற துறவி 1684-இல் இறக்கும் வரை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் படியெடுத்தும் தொகுத்தும் எழுதியும் வந்தவர். ஓலைச்சுவடியைப் படியெடுத்தே காத்த மொழியில் இதைச் சொல்கிறேன். ஆகவே அந்த உழைப்பு என்ன என்று உங்களுக்கு விளக்கவேண்டியதில்லை. முதுகு வலியும் கண் எரிச்சலும் பக்க ஓரத்தில் தெரியாது. எழுத்தின் சாய்வில் தெரியும்.

அந்தக் கைகளால் உலகுக்குக் கிடைத்தது ஒன்றைச் சொல்கிறேன். நாரிச் நகரத்து ஜூலியன், 1373-ஆம் ஆண்டு மே மாதத்தில், முப்பது வயதில், சாவின் விளிம்பில் கண்ட காட்சிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஆங்கிலத்தில் பெண் எழுதிய நூல் என்று நமக்குத் தெரிந்தவற்றுள் அதுவே மிகப் பழையது. அதன் நீண்ட வடிவத்துக்கு இடைக்காலத்து முழுப்பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. முழுமையாக இருப்பவை மூன்றே படிகள். ஒன்று பாரிசில், இரண்டு லண்டனில். மூன்றும் பிற்காலத்தவை. அவற்றுக்கும் காம்ப்ரே மடத்துக்கும், அதிலிருந்து 1651-இல் கிளைத்த பாரிஸ் மடத்துக்கும் தொடர்பு உண்டு என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. லண்டன் படிகளில் ஒன்றைப் பாரிஸ் மடத்தைத் தொடங்கிய கிளமென்டினா கேரியின் கை என்று கருதுவோர் உண்டு. 1670-இல் அந்நூலை முதன்முதலாக அச்சிட்ட செரினஸ் கிரஸி, அந்தப் பாரிஸ் மடத்துக் கன்னியருக்குக் குருவாக இருந்தவர்தான். காம்ப்ரேயில் 1637-இல் இறந்த மார்கரெட் காஸ்காயின் தம் தியானக் குறிப்பில் ஜூலியனின் வாசகத்தை எடுத்தாள்கிறார். ஆக, அவர்கள் அந்த நூலைப் பழம்பொருள் என்று பெட்டியில் பூட்டிவைக்கவில்லை. அதை வாசித்துத் தம் செபத்தில் சேர்த்துக்கொண்டார்கள். தேவைப்பட்டபோது இன்னொரு படி எடுத்தார்கள். வாசித்த நூலே பிழைத்தது.

இப்போது 1655-க்கு வருகிறேன். இந்தக் கதையில் என் மனம் அதிகம் தங்கும் இடம் அது. பேக்கர் இறந்து பதினான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் போதனையில் ஆபத்தான கருத்துகள் இருக்கின்றன என்று சபைக்குள் ஒரு கட்சி சொல்லிக்கொண்டிருந்தது. ஆங்கிலப் பெனடிக்டைன் சபைத் தலைவர் கிளாட் வைட், பேக்கரின் கையெழுத்துச் சுவடிகளைத் திருத்துவதற்காக ஒப்படைக்கும்படி காம்ப்ரே கன்னியருக்குக் கட்டளையிட்டார். கீழ்ப்படிதல் அவர்கள் கொடுத்த வார்த்தைப்பாடுகளில் ஒன்று. மடத் தலைவி கேத்தரின் காஸ்காயின் மறுத்துவிட்டார். அந்தச் சுவடிகள் இல்லாமல் தங்கள் தியான வாழ்வே இல்லை என்பது அவர் நிலை. பாரிசிலும் கவலை பரவியது. அங்கே தலைவியாக இருந்தவர் கெர்ட்ரூட் மோரின் தங்கை பிரிட்ஜெட். அதே ஆண்டில் வைட் இறந்துபோக, பேச்சு அத்தோடு நின்றது. கதவடைத்த மடத்துக்குள் இருந்த பெண்கள், தமக்கு மேலே உள்ள அதிகாரத்திடம், இந்தத் தாள்கள் எங்களுடையவை, தரமாட்டோம் என்று சொன்னார்கள். பேக்கரின் எழுத்துகளில் இவ்வளவு இன்று நம்மிடம் இருப்பதற்கு அந்த மறுப்பும் ஒரு காரணம்.

ஆனால் எல்லாவற்றையும் மறுத்துக் காக்க முடியாது. 1793-ஆம் ஆண்டு அக்டோபர் 18. பிரெஞ்சுப் புரட்சி அரசின் ஆட்கள் காம்ப்ரே மடத்துக்குள் வந்தார்கள். கன்னியருக்கு மூட்டை கட்டவே நேரம் போதவில்லை. 168 ஆண்டு சேர்த்த நூல்கள், சாசனங்கள், கணக்கேடுகள், சீதனப் பத்திரங்கள், இறந்தோர் பதிவு எல்லாம் அப்படியே நின்றன. அவர்களைக் கோம்பியேன் நகருக்குக் கொண்டுபோய்ச் சிறை வைத்தார்கள். சிலர் அங்கேயே இறந்தார்கள். 1794 ஜூனில் அதே கட்டடத்தில் கார்மேல் சபைக் கன்னியர் பதினாறு பேரையும் அடைத்தார்கள். ஜூலை 12 அன்று அவர்களைப் பாரிசுக்குக் கொண்டுபோக ஆள் வந்தபோது, அவர்களின் சாதாரண உடைகள் துவைக்கப் போட்டு நனைந்து கிடந்தன. துறவு உடையோடே ஏற்றிச் சென்றார்கள். ஜூலை 17-இல் பதினாறு பேரும் கில்லட்டினில் உயிர்விட்டார்கள். விட்டுப்போன உடைகளை ஆங்கிலக் கன்னியருக்கு அணியக் கொடுத்தார்கள். 1795 மே மாதம் அவர்கள் அந்த உடைகளில் இங்கிலாந்துக் கரை இறங்கினார்கள். துணிகளில் ஒரு பகுதியைப் போற்றி வைத்தார்கள். கார்மேல் கன்னியரின் கடைசி நாட்களைப் பற்றிய முக்கியமான சாட்சியங்களில் அந்த ஆங்கில மடத்தின் சாட்சியம் ஒன்று. 2024 டிசம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் அந்தப் பதினாறு பேரையும் புனிதர் வரிசையில் சேர்த்தார்.

ஒழுங்குநூல் சொன்ன தாளையும் உடையையும் இங்கே நினைத்துப் பாருங்கள். தாள் மடத்தில் நிற்கவேண்டும், உடை போகிறவரோடு போகலாம் என்பது விதி. காம்ப்ரேயில் தாள் மடத்திலேயே நின்றுவிட்டது. மடத்தார் எல்லாரும் வேறு யாருடையதோ உடையில் வெளியேறினார்கள். ஒருவர் போனால் என்ன செய்வது என்று சொன்ன விதிக்கு, எல்லாரும் போய்விட்டால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

இங்கிலாந்து வந்த பிறகு அவர்கள் செய்த முதல் வேலைகளில் ஒன்றைக் கவனியுங்கள். ஆன் தெரசா பார்ட்டிங்டன் என்ற துறவி, பிடிபட்ட நாள் முதல் விடுதலை வரை நடந்ததை எழுதிவைத்தார். காகிதம் எல்லாம் போன வீட்டின் புதிய காப்பகத்தில் அதுவே தொடக்க ஏடு. அந்தச் சமூகம் லிவர்பூலுக்கு அருகே வூல்டனிலும், 1807 முதல் ஆபட்ஸ் சால்ஃபோர்டிலும் இருந்துவிட்டு, 1838-இல் வூஸ்டர்ஷயரில் ஸ்டான்புரூக்கில் நிலைத்தது. இன்று அதை ஸ்டான்புரூக் மடம் என்றே உலகம் அறியும்.

பறிபோன காகிதங்கள் என்ன ஆயின? எரியவில்லை. புரட்சி அரசு பறித்ததையெல்லாம் நாட்டின் சொத்தாகக் கருதியது. 1796 அக்டோபரில் ஒரு சட்டம் ஒவ்வொரு மாவட்டத்துத் தலைநகரிலும் அந்தக் காகிதங்களைச் சேர்த்துவைக்கச் சொன்னது. பிரான்சின் மாவட்ட ஆவணக் காப்பகங்கள் அப்படித்தான் பிறந்தன. காம்ப்ரே கன்னியரின் ஏடுகள் லீல் நகரத்துக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. துறவு சபைகளுக்கென்று வகுத்த எச் வரிசையில் 20-ஆம் எண் அவர்களுக்கு. நூல்களில் ஒரு பகுதி காம்ப்ரே நகர நூலகத்தில் இருக்கிறது. அந்த 20 எச் தொகுதியில் ஒரு வாழ்க்கை வரலாறு உண்டு. ஆங்கிலத்தில் சொந்தமாக நாடகம் எழுதி 1613-இல் அச்சேற்றிய எலிசபெத் கேரியின் கதை அது. அவர் மகள்கள் நால்வர் காம்ப்ரேயில் துறவிகள். எழுதியவர் அவர்களில் ஒருவர். அந்தத் தாயைப் பற்றி இன்று யார் எழுதினாலும் அந்த மகளின் கைப்பிரதியைத் தொடாமல் எழுத முடியாது. கன்னியரைச் சிறையில் அடைத்த அரசுதான் அவர்களின் காகிதத்துக்குக் கூரையும் போட்டது என்பது எனக்கு ஆறுதல் தரும் செய்தி இல்லை. காகிதம் பிழைத்தது, அதைப் பற்றித் தெரிந்தவர்கள் 1795-இல் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். எந்தக் கையெழுத்து யாருடையது, இந்தச் சிறு கட்டு ஏன் தனியாக இருக்கிறது என்று கேட்க ஆள் இல்லாமல் போனது. ஆய்வாளர்கள் இன்றும் எழுத்தின் வளைவைப் பார்த்து ஊகிக்கிறார்கள்.

இதை என் சொந்த அனுபவத்தாலும் சொல்ல முடியும். பணியில் சேர்ந்த புதிதில் ஒரு கன்னியர் இல்லத்துக் காகிதக் கட்டுகள் என்னிடம் வந்தன. நிலப் பத்திரம் ஒருபுறம், பள்ளிக்கூடக் கடிதம் ஒருபுறம், வீட்டுக் கடிதம் ஒருபுறம் என்று பொருள்வாரியாகப் பிரித்து அழகாக அடுக்கிவிட்டேன். வயதான சகோதரி ஒருவர் பார்க்க வந்தார். அடுக்குகளை மெல்லத் தடவிப் பார்த்தார். “இது பூரா ஒரே மதரோட டிராயர்ல இருந்ததுங்க தம்பி. அவங்க கண்ணை மூடுற வரைக்கும் அப்படியேதான் வச்சிருந்தாங்க” என்றார். எந்தத் தாளுக்கு அடுத்து எந்தத் தாள் இருந்தது என்று நான் குறித்துவைக்கவில்லை. அந்த அன்னை எந்தக் கடிதத்தை எந்த ரசீதோடு சேர்த்து வைத்திருந்தார், ஏன் வைத்திருந்தார் என்பதை நான் கலைத்துவிட்டேன். திருத்த வழியில்லை. ஓர் அமைப்பிலிருந்து வந்த காகிதத்தை அந்த அமைப்பின் பெயரிலேயே சேர்த்துவைக்கவேண்டும், இன்னொன்றோடு கலக்கக்கூடாது என்று பிரெஞ்சு அரசு 1841-லேயே தன் மாவட்டக் காப்பகங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. இருந்த வரிசையையும் காக்கவேண்டும் என்பது பின்னர் அதனோடு சேர்ந்து வளர்ந்த நெறி. இரண்டையும் படித்துத்தான் நான் தேர்வு எழுதினேன். அதன் பொருள் அந்தச் சகோதரி சொன்னபோதுதான் விளங்கியது.

பெண்கள் மடத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. தன் பெயரை முன்னிறுத்தாமை அவர்களுக்குத் தவம். ஸ்டான்புரூக் கன்னியர் மொழிபெயர்த்த, எழுதிய நூல்கள் பல, அட்டையில் ஸ்டான்புரூக் பெனடிக்டைன்கள் என்ற பொதுப்பெயரோடுதான் வந்தன. 1876-இல் அவர்கள் தொடங்கிய அச்சகம் இங்கிலாந்தின் பெயர்பெற்ற தனியார் அச்சகங்களில் ஒன்றாகியது. லாரன்ஷியா மக்லாக்லன் என்ற துறவி பழைய எழுத்தியலிலும் திருச்சபை இசையிலும் தேர்ந்தவர். வூஸ்டர் பேராலயத்தின் இடைக்கால இசைச் சுவடியைப் பதிப்பித்த பெரும்பணி அவருடையது. பதிப்பில் அவர் பெயர் இல்லை. அருங்காட்சியக இயக்குநர் சிட்னி காக்கரெலும் நாடகாசிரியர் பெர்னார்ட் ஷாவும் அவரோடு ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுதியவர்கள். அட்டையில் இல்லாத பெயரைத் தேடுகிறவர் போகவேண்டிய இடம் மடத்தின் சொந்த ஏடுதான். நாட்குறிப்பிலோ, அச்சகக் கணக்கிலோ, இறந்தபின் சக துறவிகள் எழுதிய நினைவுக் குறிப்பிலோ அது இருக்கும். அந்த ஏட்டைக் குப்பையில் போட்டால் அந்தப் பெண் செய்த வேலைக்கு உலகில் வேறு சாட்சி கிடையாது. ஆண்கள் மடத்துக் காகிதத்துக்கும் பெண்கள் மடத்துக் காகிதத்துக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவென்று நினைக்கிறேன்.

படியெடுத்தலின் வலிமைக்கு இன்னொரு சான்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரையில் ஐபிங்கன் மடம். பிங்கன் நகரத்துப் புனித ஹில்டகார்டின் வழிவந்தவர்களாகத் தங்களைக் கருதும் பெனடிக்டைன் கன்னியர் அங்கே இருக்கிறார்கள். ஹில்டகார்டின் காட்சி நூலுக்கு 12-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட சித்திரச் சுவடி வீஸ்பாடன் நூலகத்தில் இருந்தது. 35 வண்ண ஓவியங்கள். 1927 முதல் 1933 வரை ஐபிங்கன் கன்னியர் சிலர் அதைத் தோல்தாளில், வரிக்கு வரி, நிறத்துக்கு நிறம் கையால் படியெடுத்தார்கள். போர்க்காலத்தில் பாதுகாப்புக்காக மூலத்தை டிரெஸ்டனுக்கு அனுப்பினார்கள். 1945-க்குப் பிறகு அதைக் கண்டவர் இல்லை. மூலத்தைப் பிடித்த நிழற்படங்கள் கறுப்பு வெள்ளை. அந்த ஓவியங்களின் நீலமும் பொன்னும் இன்று நாம் அறிவது கன்னியரின் தூரிகையால்தான்.

இனி இன்றைய நிலைமை. ஐரோப்பாவில் மடத்தில் சேர்வோர் குறைந்துவிட்டனர், இருப்பவர்களுக்கு வயதாகிறது. பெரிய கட்டடத்தைப் பராமரிக்க முடிவதில்லை. ஸ்டான்புரூக் சமூகமே 2009-இல் தன் பழைய மாளிகையை விட்டு, யார்க்ஷயரில் வாஸ் என்ற இடத்தில் சிறிய புது மடம் கட்டிக் குடிபெயர்ந்தது. பழைய கட்டடம் இப்போது தங்கும் விடுதி. ஸ்டான்புரூக் தன் ஏடுகளைத் தன் கையாலேயே எடுத்துச்செல்லும் நிலையில் குடிபெயர்ந்தது. எல்லா மடங்களுக்கும் அது வாய்ப்பதில்லை. கடைசி மூன்று பேர் முதியோர் இல்லத்துக்குப் போகும் நாளில் மாடியில் இருக்கும் பெட்டிகளை யார் திறப்பார்கள்?

பெட்டிக்குள் நடப்பதையும் சொல்லவேண்டும். பழைய ஏடுகளின் மை, மாசிக்காயும் இரும்பு உப்பும் கலந்தது. காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் அது காகிதத்தைத் தின்னும். எழுத்து இருந்த இடம் எழுத்தின் வடிவிலேயே ஓட்டையாகும். குண்டூசியும் கிளிப்பும் துருவேறிக் கறை பரப்பும். ரப்பர் வளையம் உருகி ஒட்டும். அமிலமற்ற அட்டைப்பெட்டி, சூடும் ஈரமும் ஏறி இறங்காத அறை, கூரை ஒழுகாத இடம் என்று செலவு பெரிதில்லாத காரியங்களிலேயே பாதி ஆயுள் கூடிவிடும். படம் எடுத்து இணையத்தில் ஏற்றுவது நல்லது; தாளைத் தொடும் தேவை குறையும். ஆனால் காகிதத்தின் நீர்க்குறியும் தையலும் கைவைத்துத் தேய்ந்த ஓரமும் படத்தில் முழுமையாக வராது. தவிர, இன்றைய துறவிகளின் கடிதங்கள் மின்னஞ்சலில் இருக்கின்றன. அவற்றுக்கு யாரும் பெட்டி வைக்கவில்லை.

திருச்சபைக்கு இதில் ஒரு நிலைப்பாடு உண்டு. 1997 பிப்ரவரியில் வத்திக்கானின் பண்பாட்டுச் சொத்துகளுக்கான ஆணையம் திருச்சபை ஆவணங்களின் பணி பற்றி ஒரு சுற்றுமடல் வெளியிட்டது. பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 1976-இல் தொடங்கிய காடாக் நிலையம் பல துறவு சபைகளின் காகிதங்களை ஏற்றுக் காக்கிறது. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் கேரலைன் பௌடன் மேலாண்மையில் நடந்த திட்டம், 1600-க்கும் 1800-க்கும் இடையே ஐரோப்பியக் கண்டத்துக்குப் போய்த் துறவு பூண்ட ஏறத்தாழ 4,000 ஆங்கிலப் பெண்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிப் பதிந்திருக்கிறது. அது முடிந்தது, எங்கோ ஒரு மடத்தில் யாரோ ஒரு எழுத்தர் கன்னி சேர்ந்த நாளையும் இறந்த நாளையும் தவறாமல் எழுதிவைத்ததால்.

ஆனால் யாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்வி எளிதன்று. பல்கலைக்கழகத்தில் நல்ல குளிரறை உண்டு. காலை வேளை மணியோசை கிடையாது. மறைமாவட்டத்துக்குக் கொடுத்தால் வீட்டுக்குள் நிற்கும். கவனிக்க ஆள் இருக்கவேண்டும். உள்ளத்தைத் திறந்து தலைவிக்கு எழுதிய கடிதங்களை எத்தனை ஆண்டு மூடி வைப்பது என்ற கேள்வியும் உண்டு. அந்தக் கடிதங்கள் ஆய்வாளருக்காக எழுதப்பட்டவை இல்லை. அவற்றை எரித்துவிடவேண்டும் என்று சொல்லும் மூத்த துறவிகளை நான் மதிக்கிறேன். எரிக்கவேண்டாம், நூறு ஆண்டு பூட்டி வையுங்கள் என்று கெஞ்சவும் செய்வேன். இவற்றை முடிவு செய்யவேண்டியவர்கள் அந்தப் பெண்களே. வீடு மூடிய பின் வழக்கறிஞரோ சொத்து வாங்கியவரோ முடிவு செய்யக்கூடாது. 1655-இல் கேத்தரின் காஸ்காயினுக்கு முடிவெடுக்க ஒரு சமூகம் பின்னால் இருந்தது. 1793-இல் யாரையும் கேட்கவில்லை. இன்றைய மடங்களுக்குக் கேட்பதற்கும் சொல்வதற்கும் இன்னும் சிறிது நேரம் இருக்கிறது. ஆட்கள் இருக்கும்போதே, நினைவு தெளிவாக இருக்கும்போதே, எழுத்தில் சொல்லிவைக்க வேண்டும்.

இந்த அவையில் ஆவணவியல் படிக்கும் மாணவர்கள் பலர் இருக்கிறீர்கள். ஒரு மடத்துக்குப் போகும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், முதல் வாரம் எந்தப் பெட்டியையும் பிரிக்காதீர்கள். எந்தப் பெட்டி எந்த அறையில், எதன் மேல் இருந்தது என்று வரைந்துகொள்ளுங்கள். பிறகு பழைய நிழற்படங்களை எடுத்துக்கொண்டு, அங்கே மிக மூத்தவர் யாரோ அவர் அருகில் உட்காருங்கள். மென்மையான பென்சில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், பேனா வேண்டாம். இது யார் சிஸ்டர் என்று கேளுங்கள். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, விரலை ஒவ்வொரு முகமாக நகர்த்தி, துறவுப் பெயரையும், அதற்கு முன் வீட்டில் அழைத்த பெயரையும் சொல்வார். படத்தைத் திருப்பி, பின்புறத்தில், ஓரமாக, அழுத்தாமல் எழுதுங்கள்.